காற்று போனால் கடல் நிற்குமா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து, ஒரே விஷயத்தைக் கேட்டு வந்தவை. பூமியில் காற்று 5 விநாடி காணாமல் போனால் கடல் வற்றிவிடும், மனிதர்கள் எல்லோரும் மேலே மிதப்பார்கள் என்று ஒரு வீடியோ வாட்ஸப்பில் சுற்றுகிறது. பள்ளிப் பிள்ளைகளிலிருந்து படகுக்காரர்கள் வரை அதைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த இதழ் முழுக்கக் காற்றுக்கே.

*

கேள்வி: காற்று இல்லாமல் போனால் நாம் மிதப்போமா? – ஒன்பதாம் வகுப்பு மாணவர், மண்டபம்

மிதக்க மாட்டோம் தம்பி, நின்ற இடத்திலேயே நிற்போம். நம்மைத் தரையோடு பிடித்துவைத்திருப்பது பூமியின் ஈர்ப்பு. காற்றால் ஈர்ப்பு வரவில்லை. ஈர்ப்பு இருப்பதால்தான் காற்றே இங்கே தங்கியிருக்கிறது. விண்வெளி நிலையத்தில் வீரர்கள் மிதப்பதைப் பார்த்துவிட்டு, அங்கே காற்று இல்லை, அதனால் மிதக்கிறார்கள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அடுத்த முறை அந்தப் படங்களைக் கவனித்துப் பார்: முகமூடி எதுவும் இல்லாமல் பேசிக்கொண்டேதானே மிதக்கிறார்கள்? நிலையத்துக்குள் நம் வீட்டில் இருக்கிற மாதிரியே காற்று நிரப்பி வைத்திருக்கிறார்கள். 400 கி.மீ. உயரத்தில் ஈர்ப்பும் இங்கே இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் இருக்கத்தான் செய்கிறது. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்தே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருப்பதால்தான் அந்த மிதப்பு.

காற்று இல்லாத இடத்தில் பொருட்கள் எப்படி விழும் என்று செய்தே காட்டியிருக்கிறார்கள். 1971-ல் அப்போலோ 15-ல் போன டேவிட் ஸ்காட் நிலவில் நின்றுகொண்டு ஒரு கையில் சுத்தியலும் இன்னொரு கையில் ஒரு பறவையின் இறகும் வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. இங்கே இறகு ஆடி அசைந்து இறங்குவது காற்று அதைத் தடுப்பதால். காற்று போனால் நாம் மிதப்பது இருக்கட்டும், இறகு கூட மிதக்காது. தனுஷ்கோடிக்கு வருகிற பூநாரைகள் எவ்வளவு சிறகடித்தாலும் தரையை விட்டு எழும்பாது.

*

கேள்வி: வடகடலும் (பாக் விரிகுடா) தென்கடலும்தான் (மன்னார் வளைகுடா) எங்களுக்கு எல்லாம். காற்று போனால் கடல் உண்மையிலேயே வற்றிவிடுமா? – நாட்டுப்படகு மீனவர், பாம்பன்

5 விநாடியில் வற்றாது, 5 நாளிலும் வற்றாது. ஆனால் கொதிக்கும். அடுப்பில்லாமல், கூடுதலாக ஒரு டிகிரி சூடு கூட ஏறாமல், இப்போது இருக்கிற 29 டிகிரியிலேயே கொதிக்கும். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடலோரத்தில் இருக்கிற நாம் காற்றை மூச்சுக்கும் பாய்க்கும் உரியதாகவே பார்க்கிறோம். கடல் கடலாக இருப்பதே காற்றால்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

காற்றுக்கு எடை உண்டு, அதுவும் கொஞ்ச நஞ்ச எடை இல்லை. கடல்மட்டத்தில் ஒரு சதுர மீட்டர் இடத்தின் மேல் நிற்கிற காற்றின் எடை சுமார் 10 டன். உங்கள் வத்தைப் படகில் ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காருகிற இடத்தின் மேல் ஒரு லாரிச் சரக்கு. நாம் நசுங்காமல் இருப்பதற்குக் காரணம் எல்லாப் பக்கமிருந்தும், உடம்புக்கு உள்ளிருந்தும் அதே அழுத்தம் இருப்பது. தண்ணீரின் மேலும் இதே எடைதான் உட்கார்ந்திருக்கிறது, அது ஆவியாகக் கிளம்பாதபடி அமுக்கிக்கொண்டு. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று படிக்கிறோமே, அது கடலோரத்துக் கணக்கு. கொடைக்கானல் உயரத்தில் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், எவரெஸ்ட் உச்சியில் 70 வாக்கில். அழுத்தம் இப்போதுள்ளதில் 25-ல் ஒரு பங்காகக் குறைந்தால் 29 டிகிரிக் கடல்தண்ணீர் அப்படியே கொதிக்கத் தொடங்கிவிடும்.

ஆனால் அடிவரை கொதிக்காது. தண்ணீருக்கும் எடை உண்டல்லவா? 10 மீட்டர் ஆழத் தண்ணீரின் எடை, தலைக்கு மேலுள்ள மொத்தக் காற்றின் எடைக்குச் சமம். அதில் 25-ல் ஒரு பங்கு என்றால் 40 செ.மீ. அதாவது ஒரு முழத்துக்கும் கொஞ்சம் குறைவு. படகு விளிம்பில் குனிந்து கையை முழங்கை வரைக்கும் கடலில் விட்டால், மணிக்கட்டைச் சுற்றிக் குமிழி குமிழியாகக் கொதித்துக்கொண்டிருக்கும், விரல் நுனி இருக்கிற ஆழத்தில் தண்ணீர் சும்மா இருக்கும். கொதிக்கிற தண்ணீர் கையைச் சுடவும் செய்யாது, இருக்கிறதே 29 டிகிரிதானே.

அதற்கப்புறம் குளிர ஆரம்பிக்கும். மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதுவும் ஒரே வேலைதான்: ஆவியாகிப் போகிற தண்ணீர் மிச்சத் தண்ணீரிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய 600 லிட்டர் கடல்தண்ணீர் ஒரு டிகிரி குளிரும். கணக்குப் போட்டால், 20-ல் ஒரு பங்கு தண்ணீர் ஆவியாகிப் போனாலே மிச்சம் உறைகிற நிலைக்கு வந்துவிடும். வடகடல் ஆழமில்லாதது, பல இடங்களில் 10 மீட்டர் தேறாது, அதனால் அது சீக்கிரம் குளிரும். ஆழமான தென்கடல் தாக்குப்பிடிக்கும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. கிளம்பிய ஆவி எங்கே போகும்? ஈர்ப்பு அதையும் விடாது. அது பூமியைச் சுற்றி ஒரு புதிய, மெல்லிய வளிமண்டலமாகப் பரவி, கடலின் மேல் மறுபடி எடையாக உட்கார்ந்து கொதிப்பை அடக்கப் பார்க்கும். குளிர்ந்த துருவங்களுக்கு அந்த ஆவி நகர்ந்து அங்கே பனியாக விழும், இங்கே அமுக்குகிற ஆவி அதனால் குறைவதால் மறுபடி கொஞ்சம் கொதிக்கும், இப்படியே போய்க் கடலின் மேல்பரப்பு துருவப் பக்கமிருந்து மெல்ல உறைந்துகொண்டு வரும். ஆக, காற்றே இல்லாத பூமி என்று சொல்கிறோமே, கடல் என்று ஒன்று இருக்கிறவரை அப்படி ஒரு பூமி இருக்கவே முடியாது. கடல் தனக்கொரு காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். மூச்சுக்கு உதவாத, வெறும் நீராவியாலான காற்று.

மீன் என்ன ஆகும் என்று கேட்கத்தான் செய்வீர்கள். ஆழத்தில் தூண்டிலில் சிக்கிய கலவாய் மீனை வேகமாக மேலே இழுத்தால் அதன் வயிறு வாய் வழியாகப் பிதுங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கிற நெட்டி, அதாவது காற்றுப்பை, மேலேயுள்ள தண்ணீரின் எடை குறையக் குறைய ஊதிப்போவதால் வருவது அது. 10 மீட்டரில் இருக்கிற மீனுக்குத் தண்ணீரின் எடை ஒரு பங்கு, அதற்கு மேலே காற்றின் எடை ஒரு பங்கு. காற்று போனால் அழுத்தம் பாதியாகிவிடும், மீன் இருந்த இடத்தை விட்டு அசையாமலே, மேலே இழுத்துப்போட்ட கலவாயின் கதிதான் அதற்கும். தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்சிஜனும் குமிழியாகக் கிளம்பிப் போய்விடும்.

*

கேள்வி: நாங்கள் மூச்சடக்கி முங்கிப் பாசி எடுக்கிறவர்கள். காற்று போனால் அதே மாதிரி அடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் சமாளிக்க முடியாதா? – சின்னப்பாலம் வாசகி

மூச்சை அடக்கவே கூடாது அக்கா. தண்ணீருக்கடியில் நீங்கள் அடக்குகிற மூச்சை வெளியிலிருந்து தண்ணீர் அமுக்குகிறது, நுரையீரல் சுருங்குகிறது, அதனால் ஆபத்தில்லை. காற்றில்லாத இடத்தில் நேர்மாறாக நடக்கும்: வெளியே அமுக்க எதுவும் இல்லை, உள்ளே அடைத்துவைத்த காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். சிலிண்டர் கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்குகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான், மேலே வரும்போது மூச்சை விட்டுக்கொண்டே வா, அடக்காதே என்று.

நீங்கள் தண்ணீரில் ஒரு நிமிடம் தாக்குப்பிடிக்கிறீர்கள் என்றால் அதற்குக் காரணம் நுரையீரலிலும் ரத்தத்திலும் இருக்கிற ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாவது. வெற்றிடத்தில் ரத்தத்தில் இருக்கிற ஆக்சிஜனே நுரையீரல் வழியாக வெளியே ஓடிவிடும். 10 முதல் 15 விநாடியில் நினைவு தப்பிவிடும். இது வெறும் கணக்கு இல்லை, நடந்திருக்கிறது. 1966 டிசம்பரில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் விண்வெளி உடையை வெற்றிட அறையில் சோதித்துக்கொண்டிருந்தபோது, ஜிம் லெப்ளாங்க் என்ற ஊழியரின் உடைக்குக் காற்று கொண்டுபோகிற குழாய் கழன்றுவிட்டது. 14 விநாடி வாக்கில் அவர் மயங்கி விழுந்தார். மயங்குவதற்கு முன்னால் கடைசியாகத் தெரிந்தது, நாக்கிலிருந்த எச்சில் கொதித்தது என்று பின்னால் சொன்னார். அறைக்குள் உடனே காற்றை விட்டதால் பிழைத்துக்கொண்டார். ரத்தமும் அப்படியே கொதித்துவிடுமா என்றால், ரத்தக்குழாய்களும் தோலும் இறுக்கிப் பிடித்திருப்பதால் அது உடனே கொதிக்காது. உடம்பு வீங்கும், வெடிக்காது. சினிமாவில் காட்டுகிற மாதிரி எல்லாம் இல்லை.

*

கேள்வி: எங்கள் பக்கம் வெயில் கொளுத்துகிறது. காற்று இல்லாவிட்டால் சூடு கூடுமா, குறையுமா? – சாயல்குடி

பகலில் கூடும், இரவில் தாங்க முடியாத குளிராகிவிடும், சராசரி பார்த்தால் குறையும். பூமியின் சராசரி வெப்பம் இப்போது சுமார் 15 டிகிரி. காற்றிலிருக்கிற நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் தரையிலிருந்து கிளம்புகிற வெப்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புவதால் இந்த 15. அவை இல்லை, மற்றதெல்லாம் இப்படியே இருக்கிறது என்று வைத்துக் கணக்கிட்டால் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி வரும். கடல் உறைந்து வெள்ளையாகிவிட்டால் வெயிலை இன்னும் அதிகமாகத் திருப்பி அனுப்பும், குளிர் அதற்கும் கீழே போகும்.

காற்றில்லாத இடம் எப்படி இருக்கும் என்பதற்கு நிலவே சாட்சி. அதுவும் நாமும் சூரியனிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். அங்கே நடுப்பகலில் 120 டிகிரி, இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 130. நிலவின் பகல் நம் கணக்கில் இரண்டு வாரம் என்பதால் அவ்வளவு தூரம் போகிறது. நமக்கு 12 மணி நேரப் பகல்தான், அதனால் ஏற்ற இறக்கம் அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். 2023 ஆகஸ்டில் சந்திரயான் 3 இறங்கினதே, அதிலிருந்த ஒரு கருவி நிலவு மண்ணுக்குள் குத்திப் பார்த்தது: மேலே 50 டிகிரிக்கு மேல், வெறும் 8 செ.மீ. கீழே பூஜ்யத்துக்குக் கீழே 10. நான்கு விரல் ஆழத்துக்குள் 60 டிகிரி வித்தியாசம். ராமநாதபுரத்தில் பகலுக்கும் இரவுக்கும் 10 டிகிரி வித்தியாசம் வந்தாலே பெரிது, ஈரக்காற்று அப்படிக் காப்பாற்றுகிறது. இரவெல்லாம் புழுங்குகிறதே என்று சலித்துக்கொள்கிறோம், அந்தப் புழுக்கமும் அதே காப்புதான்.

கமுதி பக்கத்துச் சூரிய மின்நிலையத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். காற்று மண்டலத்துக்கு மேலே ஒரு சதுர மீட்டரில் விழுகிற வெயில் 1,361 வாட், தெளிந்த நாளில் உச்சிவேளையில் தரைக்கு வந்து சேருவது 1,000 வாக்கில். எனவே தகடுகளில் மின்சாரம் கூடத்தான் செய்யும். ஆனால் வடிகட்டாமல் வருகிற அந்த வெயிலில் புற ஊதாக்கதிர் முழுசாக இருக்கும். அதில் மிகக் கொடிய பகுதியை 15 முதல் 35 கி.மீ. உயரத்தில் இருக்கிற ஓசோன் இப்போது மொத்தமாக விழுங்கிக்கொள்கிறது.

*

கேள்வி: 1964 புயலில் எங்கள் குடும்பத்தில் உயிர்ச்சேதம். காற்றே இல்லாவிட்டால் புயலும் இருக்காதே என்று அந்த வீடியோவைப் பார்த்ததும் தோன்றியது. – ராமேஸ்வரம்

உங்கள் வருத்தம் புரிகிறது ஐயா. அந்த டிசம்பர் 22 இரவில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்தின் சுவர் இன்றும் நிற்கிறது. நீங்கள் நினைத்தது சரிதான், காற்று இல்லாவிட்டால் புயல் இல்லை.

புயலில் கடல் ஊருக்குள் வருவதற்கும், மேலே பாம்பன் மீனவருக்குச் சொன்ன அந்த எடைக்கும் தொடர்பு உண்டு. புயலின் நடுவில் காற்றின் அழுத்தம் குறைந்துபோகிறது, அமுக்குகிற எடை குறைகிற இடத்தில் கடல் எழும்பும். அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கிற அலகு) குறைந்தால் நீர்மட்டம் ஏறக்குறைய 1 செ.மீ. ஏறும் என்பது கணக்கு. பெரிய புயலில் இது மட்டுமே அரை மீட்டர், அதற்கு மேலும் வரும். மிச்சத்தைச் செய்வது காற்றின் வேகம், ஆழமில்லாத கடலில் அது தண்ணீரைத் தள்ளிக் குவித்துவிடுகிறது. வடகடல் அப்படிப்பட்ட கடல்.

ஆனால் அதே காற்றுதான் ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்றாக வங்கக்கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து நம் மாவட்டத்துக்கு மழை தருகிறது. ஆர்.எஸ். மங்கலம் கண்மாயும் ராமநாதபுரம் பெரிய கண்மாயும் அந்த ஈரத்தில் நிறைகிறவை. வாடை, கச்சான், கொண்டல், சோளகம் என்று நம் கடற்கரை ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறது, எது அடித்தால் எந்தக் கடலுக்குப் போகலாம் என்று பார்த்துத்தான் படகை இறக்குகிறார்கள். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவைக்கக் கருவி வைத்திருந்தார்கள். காற்றை வேண்டாம் என்று சொல்ல நமக்கு வழியில்லை. எப்போது மூர்க்கமாகும் என்று முன்னாலேயே தெரிந்துகொள்ளத்தான் வழி. 1964-ல் அந்த வசதி இன்றைக்கு இருப்பது போல இருந்திருந்தால் எத்தனையோ பேர் கரையேறியிருப்பார்கள்.

*

கேள்வி: பக்கத்தில் நின்று கத்தினால் கேட்குமா? – தொண்டி

கேட்காது. ஒலி போக ஏதாவது ஒன்று வேண்டும், காற்றோ தண்ணீரோ தரையோ. தரையோடு காதை ஒட்டிவைத்தால் அதிர்வு தெரியும், வாயால் கத்துவது தெரியாது.

*

கேள்வி: அரிச்சல்முனைக்குச் சூரிய உதயம் பார்க்க ஆட்களை வேனில் கூட்டிப்போகிறேன். காற்று இல்லாவிட்டால் உதயம் எப்படி இருக்கும்? – வேன் ஓட்டுநர், ராமேஸ்வரம்

விடியல் என்று ஒன்றே இருக்காது. இப்போது சூரியன் வருவதற்கு முன்னால் கீழ்வானம் வெளுத்து, சிவந்து, பொன்னிறமாவது எல்லாம் காற்று வெளிச்சத்தைச் சிதறடிப்பதால். அது இல்லாவிட்டால் கும்மிருட்டில் நின்றுகொண்டே இருப்பீர்கள், கடல் விளிம்பில் வெள்ளையாக ஒரு கீற்று கண்ணைக் குத்தும், அவ்வளவுதான். பகல் வந்த பிறகும் வானம் கறுப்பாகவே இருக்கும்; வெயிலைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றால் நட்சத்திரங்கள் தெரியும்.

இன்னொன்று, நேரம். காற்று ஒளியை லேசாக வளைப்பதால், சூரியன் உண்மையில் கடலுக்குக் கீழே இருக்கும்போதே நம் கண்ணுக்கு மேலே வந்துவிட்ட மாதிரி தெரிகிறது. நம் பகுதியில் அது காலையில் 2 நிமிடம், மாலையில் 2 நிமிடம். உங்கள் வேனில் வந்தவர்கள் முதல் கீற்றைப் படமெடுக்கிற நேரத்தில் சூரியன் இன்னும் எழவே இல்லை!

கடல் கறுப்பாகிவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உறைவதற்கு முன்னால் என்றால், கறுத்த வானத்துக்குக் கீழேயும் ஆழக்கடல் நீலமாகத்தான் இருக்கும். கடலின் நீலம் வானத்தின் நிழல் மட்டும்தான் என்று ஒரு காலத்தில் எண்ணியிருந்தார்கள். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1921-ல் கப்பலில் மத்தியதரைக் கடலைக் கடந்தபோது அதைக் கவனித்து ஆராய்ந்து, தண்ணீர் மூலக்கூறுகளே நீல ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார். தண்ணீர் சிவப்பை விழுங்கிக்கொள்வதும் சேர்ந்துகொள்கிறது. 1930-ல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித்தந்த வேலைக்கு வழி அங்கிருந்துதான் பிறந்தது.

எரிநட்சத்திரமும் இருக்காது. 100 கி.மீ. உயரத்தில் காற்றில் உரசிக் கருகிப்போகிற கற்களெல்லாம் நேராகத் தரையில் வந்து குத்தும். 2013-ல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேலே வந்த 20 மீட்டர் பாறையைக் காற்று 30 கி.மீ. உயரத்திலேயே நொறுக்கிவிட்டது. அப்படியும் கண்ணாடிகள் உடைந்து 1,500 பேர் வரை காயப்பட்டார்கள்.

*

கேள்வி: சரி, இதெல்லாம் எப்போதாவது நடக்குமா? – கீழக்கரை

நீங்களும் நானும் நம் பேரப்பிள்ளைகளும் இருக்கிற காலத்தில் நடக்காது. பூமியை விட்டுத் தப்பிக்க விநாடிக்கு 11.2 கி.மீ. வேகம் வேண்டும். காற்றிலிருக்கிற ஆக்சிஜன் மூலக்கூறு சராசரியாக அரை கி.மீ. வேகத்தில்தான் ஓடுகிறது. மிக லேசான ஹைட்ரஜன் மட்டும் விநாடிக்கு 3 கிலோ வாக்கில் தப்பிக்கொண்டிருக்கிறது. மொத்தக் காற்றின் எடையோ 50 கோடி கோடி டன்னுக்கு மேல். செவ்வாய் நம்மைவிடச் சிறியது, ஈர்ப்பு குறைவு, தன்னைச் சுற்றி இருந்த காந்தப்புலத்தையும் என்றைக்கோ இழந்துவிட்டது. ஒரு காலத்தில் ஆறு ஓடிய அந்தக் கிரகத்தில் இப்போது காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை.

நான் கவலைப்படுவது காற்று மறைந்துவிடுவதைப் பற்றி இல்லை, அது மாறிக்கொண்டிருப்பதைப் பற்றி. தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன்னால் பத்து லட்சம் மூலக்கூறில் 280-ஆக இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. 78 சதவீத நைட்ரஜனும் 21 சதவீத ஆக்சிஜனும் இருக்கிற காற்றில் இது வெறும் 0.04 சதவீதம்தான், ஆனாலும் கடலின் சூட்டை ஏற்றப் போதுமானதாக இருக்கிறது. கீழக்கரைக்கு நேரே இருக்கிற தீவுகள் உட்பட மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் 2010-லும் 2016-லும் வெளுத்துப்போனது கடல்தண்ணீர் சூடானதால். ஓசோனுக்கும் இப்படித்தான் ஆபத்து வந்தது. 1985-ல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓட்டை விழுந்திருப்பதைச் சொன்னார்கள், 1987-ல் மான்ட்ரியலில் நாடுகள் கூடி அதைக் கெடுக்கிற வாயுக்களை நிறுத்த ஒப்பந்தம் போட்டன, ஓசோன் இப்போது மெல்லத் தேறிவருகிறது.